அதுவும் சரிதான்

“ஏ மூதி, அதுஞ் சரிதாம்ல!” என்று கணினியின் தலையில் ஒரு தட்டுத் தட்டினார் உஷாராணி. பக்கத்து வரிசை மாணவர்கள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்தத் தில்லிக் கல்லூரியின் கணினிக் கூடத்துக்குத் திருநெல்வேலித் திட்டு பழகிப் பல வருஷமாகிறது.

கணிதப் பேராசிரியர். பருத்திச் சேலைக்குக் கீழே ஓட்டப்பந்தயக்காரர் போடும் காலணி. முனிர்காவிலிருந்து மெட்ரோவில் நின்றபடியேதான் வருவார். இடம் கிடைத்தாலும் உட்காரமாட்டார். உட்கார்ந்தால் யோசனை ஓடாதாம். டீயை ஏடு படியும்வரை ஆறவிட்டுத்தான் குடிப்பார். வகுப்பில் யாரிடமும் ‘தப்பு’ என்று சொன்னதில்லை. சறுக்கிய படியில் விரலை வைத்து, “இங்கன எப்படி வந்த? வந்த வழியச் சொல்லு” என்பார். தமிழ் தெரியாத பிள்ளைகளிடம் அதையே இந்தியில்.

இந்தப் பருவத்துத் தேர்வைக் கணினியே நடத்தி, கணினியே திருத்தியது. கேள்விகளும் விடைகளும் கல்லூரி வெளியிலிருந்து வாங்கியவை. முடிவு வந்த மறுநாள் சிந்து வந்து நின்றாள். தில்லியிலேயே பிறந்த தமிழ்ப் பெண், அப்பா சாணக்யபுரியில் ஒரு விருந்தினர் இல்லத்தில் சமையல்காரர். தொகையிடல் கணக்கு அத்தனைக்கும் அவளுக்குச் சிவப்புக் குறி.

“கம்ப்யூட்டரே தப்புன்னு சொல்லிடுச்சு மேம். ச்சோடியே, விட்டுடுங்க. எனக்கு மேத்ஸ் வராது. வேற சப்ஜெக்ட் மாத்திக்கிறேன்.”

உஷாராணி அவள் விடைகளைப் படித்தார். கணினி விடையை ‘சைன்’ வடிவில் எதிர்பார்த்தது; சிந்து ‘காஸ்’ வழியாகப் போயிருந்தாள். பார்வைக்குத்தான் வேறு, இரண்டும் சரியான விடைகள். கணினிக்குச் சொல்லிக் கொடுத்திருந்ததோ ஒன்றே ஒன்று. அதைப்போல் இல்லாததையெல்லாம் அது தள்ளிவிட்டிருந்தது. உஷாராணிக்குக் காது சுட்டது. இன்னும் எத்தனை பிள்ளைகள் இப்படித் தலை குனிந்து போனார்களோ!

துறைத் தலைவர் ஹரிஷங்கர் கும்பகோணத்துக்காரர். “அச்சா உஷா, ரிசல்ட் போட்டாச்சு. ஒரு பொண்ணுக்காகத் திரும்பத் திறக்கறதாவது!”

“ஒரு பிள்ளதான்னு யாரு சார் சொன்னா? தொறந்தாத்தான தெரியும்.”

அவர் அரைமனதாகத் தலையாட்டினார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் உஷாராணி கூடத்தை விட்டு நகரவில்லை. வாங்கி வைத்த விடையோடு ஒப்பிடாதே; மாணவர் தந்ததை வகையிட்டுப் பார், அது கேள்விக்கே திரும்பி வந்தால் மதிப்பெண் கொடு. சொல்லிவிடலாம் ஒரு மூச்சில். கணினிக்குப் புரியவைப்பதற்குள் அதைத் திட்டித் திட்டியே மனுஷிக்குத் தொண்டை கட்டிவிட்டது.

திங்கட்கிழமை ஹரிஷங்கரே வந்து கணினிமுன் உட்கார்ந்தார். “இருங்கோ, நான் ஏமாத்திப் பாக்கறேன்.” ஒரு விடையை அடையாளமே தெரியாதபடி முறுக்கித் தட்டினார். பச்சைக் குறி. வேண்டுமென்றே ஒரு கழித்தல் குறியை விட்டுவிட்டுத் தட்டினார். சிவப்பு. மூன்றாவது முறையும் கணினி ஏமாறாமல் போக, சிரித்துவிட்டார். “பலே! மொத்தத்தையும் ஓடவிடுங்கோ.”

சிந்துவும் மற்ற மாணவர்களும் சூழ்ந்து நிற்க, திரையில் பெயர்கள் ஓடின. சிவப்புகள் ஒவ்வொன்றாகப் பச்சையாயின. வகுப்பில் கால்வாசிப் பேர் புதிதாகத் தேறிக்கொண்டிருந்தார்கள். சிந்துவின் பெயர் கீழேயிருந்து ஏறி ஏறி முதல் பக்கத்துக்கு வந்தது.

“மேம்… என்னோடது முன்னாடியே சரியா இருந்துச்சா?”

“மொதல்லருந்தே சரிதாம்ட்டி.”

சிந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கூடம் ஆரவாரித்தது. பேராசிரியர் உஷாராணி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகி, இரண்டு விரலை வாயில் வைத்து, ஜன்னல் கண்ணாடி அதிர ஒரு விசில் அடித்தார்.