கோஞ்சேக்கு ஒரு முயல்

லீவுக்கு எங்கள் ஊரில் கோஞ்சே என்று பெயர். எஷ் இரும்பாலையில் அது வேண்டுமென்றால் மேஸ்திரிக்கு முதலில் ஒரு முயலாவது போய்ச் சேர வேண்டும். சம்பளத்தோடு கோஞ்சே தரச் சொல்லிச் சட்டம் வந்து ஒரு வருடம் ஆகியும் இந்த வெட்கங்கெட்ட வழக்கம் ஒழியவில்லை.

பத்தொன்பது வருடம் உலைவாயில் நின்ற காஸ்பருக்கு நெருப்பிடம் பயம் கிடையாது. மேஸ்திரி ஹோஃபெல்ட் என்றால்தான் பயம். போன வருடமும் முயல் கொடுத்தார். மேஸ்திரி தின்று ஏப்பம் விட்டாரே தவிர கோஞ்சே தரவில்லை. காஸ்பரின் மனைவி லெனிக்கு வலிப்பு. பெந்தெகொஸ்தே திருநாள் முடிந்த செவ்வாயன்று எக்டர்நாக் ஊரின் புனிதர் ஊர்வலத்தில், ஒரே கைக்குட்டையின் இரு முனைகளைப் பிடித்து வலிப்பு தீர இருவரும் குதித்து ஆடுவதாக அந்தப் புனிதருக்கு நேர்ந்திருந்தார்கள். கோஞ்சே கிடைக்காமல் அது தவறிய பிறகு, குளிர்காலத்தில் அவள் இரண்டு தரம் அடுப்பின் மேலேயே விழுந்தாள். மூன்றாம் தரம் விழுந்தால் பிழைப்பாளா?

இந்த வருடம் பெந்தெகொஸ்தேக்கு முந்தின சனிக்கிழமை வேலை முடிந்ததும் காஸ்பர் மேஸ்திரியின் அறைக்குப் போனார். தோளில் தொங்கிய சாக்குப்பையில் முயல் உதைத்துக்கொண்டிருந்தது.

காஸ்பர் நீட்டிய கோஞ்சே விண்ணப்பத்தை ஹோஃபெல்ட் பார்க்கவில்லை. பையைத்தான் பார்த்தார்.

"கொழுத்ததா?"

"ஆமாங்க மேஸ்திரி."

"என் வீட்ல குடுத்துட்டுப் போ. செவ்வாக்கிழமைக்கு ஆள் பத்தாது, பாக்கலாம்."

இதே 'பாக்கலாம்'தான் போன வருடமும். காஸ்பர் பையை இறுக்கிப் பிடித்தார்.

"பாக்கறதுக்கு ஒண்ணுமில்லீங்க. செவ்வாக்கிழமை நான் வரமாட்டேன். அதைச் சொல்லத்தான் வந்தேன்."

அடுத்த அறையில் தட்டச்சு நின்றது. மேஸ்திரி பேனாவைக் கீழே வைத்தார்.

"கோஞ்சேன்னா என்னன்னு தெரியுமாடா உனக்கு? பிரெஞ்சுக்காரன் வார்த்தை. அதுக்கும் முன்னாடி ரோமாபுரி வார்த்தை. போறதுக்கு உத்தரவு! சிப்பாய் தலைவன்கிட்ட கைகட்டி நின்னு வாங்கினது. மேல இருக்கிறவன் குடுத்தாத்தான் உண்டு."

 இந்த வேலை போனால் காஸ்பரை வேறு ஆலையில் எவன் சேர்ப்பான்? ஆனால் அடுப்படியில் கிடந்த லெனியின் முகம் கண்ணை விட்டுப் போகவில்லை.

"சட்டம் போட்டவங்க உங்களுக்கும் மேலதானே, மேஸ்திரி. அவங்க குடுத்துட்டாங்க. நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க."

ஹோஃபெல்ட்டின் கழுத்து சிவந்தது.  விண்ணப்பம் கிழியும்படி கையெழுத்துப் போட்டு வீசினார்.

வீட்டு வாசலில் காத்திருந்த லெனி, பை அசைவதைப் பார்த்ததும் அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டாள்.

"முயலை வாங்கிக்கலையா அவரு? அப்ப இந்த வருசமும் இல்லையா?"

காஸ்பர் உள்ளே போய், அவள் துவைத்து மடித்து வைத்திருந்த வெள்ளைக் கைக்குட்டையை எடுத்து வந்தார். ஒரு முனையை அவள் கையில் கொடுத்து, மறுமுனையைத் தான் பிடித்துக்கொண்டார்.