மூன்றாவது மடக்கு

லெப்பைக்குடிக்காட்டில் அந்தக் காலத்தில் கல்யாணம் என்பது பாதிக் கல்யாணம்தான். மாப்பிள்ளை கொஞ்ச நாள் வீட்டில் இருப்பார், பிறகு சபருக்குப் போய்விடுவார். கப்பலேறிச் சம்பாதிக்கப் போவதற்குத்தான் சபர் என்று பெயர். பினாங்கோ சிங்கப்பூரோ, அவர் அங்கே கல்லாப்பெட்டிக்குப் பின்னால் உட்கார்ந்து பலசரக்கு நிறுப்பார், இவள் இங்கே வெள்ளாற்றுத் தண்ணீரைக் குடித்துக்கொண்டு காத்திருப்பாள். அதையும் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் ஊர் அது. பெருமை பேசியவர்கள் எல்லாம் ஆண்கள் என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

ரஹ்மத் பீவிக்கு வாய்த்தவர் முகமது கவுஸ். நல்ல மனிதர், மெதுவாகப் பேசுவார். ரஹ்மத்து நேர்மாறு. அவளுக்குக் கோபம் மூக்கு நுனியில் நிற்கும். தலைப்பிள்ளை இறந்து பிறந்த பிறகு கோபத்தோடு படபடப்பும் சேர்ந்துகொண்டது. பாத்திரம் விழுந்தால் நெஞ்சு அடித்துக்கொள்ளும். படுத்தால் தூக்கம் வராது. சோறு இறங்காது. இறங்கினால் அள்ளி அள்ளித் தின்றுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு அழுவாள்.

கவுஸ் அவளை வண்டி கட்டி வாலிகண்டபுரத்து ஹக்கீமிடம் கூட்டிப்போனார். ஹக்கீம் நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார், மருந்து கொடுக்கவில்லை. காலையில் எழுந்ததும் யாரோடும் பேசுவதற்கு முன்னால் உட்கார்ந்து, மடக்குக்கு நடுவில் மூச்சு அடங்கவிட்டுத் தண்ணீர் குடி, பிற்பகலில் அசர் தொழுததும் கொல்லையில் நட, பசி கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே சோற்றுத் தட்டை விட்டு எழுந்திரு, படுக்கும் முன் காலைக் கழுவு, பொழுது சாயும் நேரத்தில் ஒரு வேலையும் செய்யாமல் சற்று நேரம் சும்மா இரு என்றார். அவ்வளவுதான்.

"இதச் சொல்லவா வண்டி கட்டி வந்தோம்?" என்று திரும்பும் வழியெல்லாம் ரஹ்மத்து பொருமினாள். "சும்மா இருக்கச் சொல்றாரு. சும்மா இருக்கத் தெரிஞ்சா நான் ஏன் இவர்கிட்ட வரேன்?"

"நீ தனியா செஞ்சா ரெண்டு நாள்ல விட்டுருவே, புள்ள" என்றார் கவுஸ். "நானும் செய்யறேன்."

சொன்னபடி செய்தார். பொழுது சாய்ந்து மஃரிப் தொழுதுவிட்டு வந்ததும் கொல்லையில் இரண்டு மணைகளை எதிரெதிரே போடுவார். ஆளுக்கொரு லோட்டா தண்ணீர். தண்ணீரை உட்கார்ந்து, அல்லாஹ்வின் பெயரால் என்று பிஸ்மி சொல்லி, மூன்று மடக்காகக் குடிக்க வேண்டும் என்பது அந்த ஊரில் பால்குடி மறந்த பிள்ளைக்குக்கூடத் தெரியும். மடக்குக்கும் மடக்குக்கும் நடுவில் மூச்சு அடங்கும்வரை காத்திருக்க வேண்டும் என்பது மட்டும் ஹக்கீம் சேர்த்தது. அதைப் பொழுது சாயும் நேரத்துக்கு மாற்றி, மீதியைக் கவுஸ் சேர்த்தார். முதல் மடக்கில் அன்றைய கோபத்தைக் கீழே வைத்துவிட வேண்டும். இரண்டாவது, இந்த உடம்பு இன்றைக்கும் ஓடியதற்கு நன்றி. மூன்றாவது மடக்கு, வீட்டில் இல்லாதவருக்கு.

வீட்டில் இல்லாதவர் என்றால் அப்போது அந்தப் பிள்ளைதான். பெயர்கூட வைக்காத பிள்ளையை நினைத்து இரண்டு பேரும் மூன்றாவது மடக்கைக் குடித்தார்கள். முதல் சில நாள் ரஹ்மத்துக்கு அது தொண்டையில் நின்றது. பிறகு அழுகையோடு இறங்கியது. பிறகு தண்ணீராகவே இறங்கியது. சில மாதங்களில் அவள் படுத்தால் தூங்கினாள். பாத்திரம் விழுந்தால், "யாருடி அது?" என்று மட்டும் கேட்டாள்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பதில், முன்பே சபர் போய்வந்திருந்த கவுஸுக்குச் சிங்கப்பூரிலிருந்து மறுபடி அழைப்பு வந்தது. புறப்படும் அன்று மணையில் உட்கார்ந்தபடியே சொன்னார்.

"அங்கயும் மஃரிப் தொழுதுட்டு உக்காருவேன். நீ இங்க உக்காரு. கடல் நடுவுல கெடந்துட்டுப் போவட்டும். நேரம் ஒண்ணுதானே?"

அவள் தலையாட்டினாள். அவர் நாகப்பட்டினத்தில் கப்பலேறிவிட்டார்.

அன்று முதல் மூன்றாவது மடக்கு கவுஸுக்கு. பிள்ளை கோபித்துக்கொள்ளாது, அதுவும் அவரோடுதான் இருக்கும் என்று ரஹ்மத்து தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டாள்.

வீட்டில் துணைக்கு இருந்தவள் சாகிரா, கவுஸின் அக்காள். சிறு வயதிலேயே புருஷனை இழந்து தம்பி வீட்டோடு வந்துவிட்டவள். ரஹ்மத்தின் கோபம் மூக்கு நுனியில் நின்றது என்றால் சாகிராவின் கோபம் தெருமுனை வரை போய்வரும். தொழும் திசையான கிப்லா மேற்கே இருக்க, ரஹ்மத்து சிங்கப்பூர் இருக்கும் கிழக்குத் திசையைப் பார்த்து மணையைப் போடுவது அவளுக்குப் பிடிக்கவே இல்லை.

"கிப்லாவுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு உக்காந்திருக்கியே, நல்லாவா இருக்கு?"

"தொழுதுட்டுத்தானே உக்கார்றேன், மதினி. தண்ணிதானே குடிக்கிறேன்."

"தண்ணி குடிக்க இத்தனை சடங்கா? உள்ளூர்ல ஒட்டகம் மேய்க்கிற மாதிரிதான் இருக்கு உன் பொழப்பு!"

ஒட்டகத்துக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று யாரும் அவளைக் கேட்டுவிட முடியாது. ரஹ்மத்து சிரித்துவிட்டு அடுத்த மடக்குக்குப் போவாள். முன்பு என்றால் லோட்டா பறந்திருக்கும்.

கடிதம் வரும். அதைப் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைத்துப் பாங்கு சொல்லும் மோதினார்தான் வாசலில் நின்று படித்துக் காட்டுவார். மோதினார் வாயால் கேட்கக்கூடியதைத்தானே கவுஸ் எழுத முடியும்? நலம், நலமறிய ஆவல், அக்காவுக்குச் சலாம். மணையைப் பற்றி ஒரு வரி இருக்காது. அதற்கு அவசியமும் இல்லை என்று அவள் நினைத்தாள். தினமும்தான் சந்திக்கிறோமே.

நாற்பத்திரண்டில் சிங்கப்பூரை ஜப்பான்காரன் பிடித்துவிட்டான். கடிதம் நின்றது. தெருவில் சபராளி வீடுகள் எல்லாம் இழவு வீடுகளாகிவிட்டன. ஒருத்தி மயங்கி விழுந்தாள், ஒருத்தி நாகூருக்கு நேர்ந்துகொண்டாள். ரஹ்மத்து நேரத்துக்கு எழுந்தாள், நடந்தாள், அளவாகச் சாப்பிட்டாள், பொழுது சாய்ந்ததும் கிழக்கே பார்த்து உட்கார்ந்தாள். "இவளுக்குக் கல்நெஞ்சு" என்றார்கள். ஊர் வாயை மூட உலைமூடி இல்லை. கடலுக்கு அந்தப் பக்கம் ஒருவர் இதே நேரத்தில் லோட்டாவைக் கையில் எடுக்கிறார் என்பதுதான் அவளை நிற்க வைத்த ஒரே தூண் என்பது யாருக்கும் தெரியாது.

அந்தத் தூணை ஒரு மனிதன் போகிறபோக்கில் இடித்துவிட்டுப் போனான். சிங்கப்பூர் விழுவதற்கு முந்தின கடைசிக் கப்பலில் தப்பி வந்தவன், பக்கத்துத் தெருக்காரன். கவுஸ் நல்லபடி இருந்ததைச் சொல்ல வந்து வாசலில் நின்று பேசிக்கொண்டிருந்தான். மஃரிப் பாங்கு கேட்டது. தொப்பியைச் சரிசெய்துகொண்டே சொன்னான்:

"அங்க இந்நேரம் ராத்தொழுகை இஷாவே ஆயிருக்கும். பொழுது நமக்கு முந்தி அங்கதானே அடையுது. கெழக்கு ஆச்சே!"

அவன் பள்ளிவாசலுக்குப் போய்விட்டான். கதவுக்குப் பின்னால் நின்றிருந்த ரஹ்மத்து அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

அப்படியென்றால் இத்தனை நாளும் அவர் குடித்து முடித்து எழுந்து போன பிறகுதான் இவள் உட்கார்ந்திருக்கிறாள். எதிரே காலி மணை. வெறும் காற்றைப் பார்த்துத் தண்ணீர் குடித்திருக்கிறாள். அதைவிடக் கொடுமை, அவர் உட்கார்ந்தபோதெல்லாம் இவள் இங்கே ஏதோ அரிசி புடைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். அதற்கு முன்பும் சபர் போய்வந்த மனிதர்தானே, இது அவருக்குத் தெரியாதா? தெரிந்தே பொய் சொல்லிவிட்டுப் போனாரா? பழைய கோபம் குபீரென்று வந்தது. மணையைத் தூக்கிக் கிணற்றடியில் எறிந்தாள். மறுநாள் உட்காரவில்லை, நடக்கவில்லை. தூக்கம் போயிற்று. படபடப்பு, விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.

அவளை மீட்டது யாருடைய புத்திமதியும் அல்ல. ஏக்கம்தான். அவரைப் பார்க்க வேண்டும் போலிருந்தது. அசர் தொழுதுவிட்டுச் சும்மா வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றவளுக்குத் திடீரென்று தோன்றியது: அங்கே இப்போதுதானே பொழுது சாயும்? அவர் என் நேரத்துக்கு வர முடியாவிட்டால் என்ன, நான் அவர் நேரத்துக்குப் போகிறேன்.

அன்று முதல் முருங்கை மர நிழல் கிணற்று மேடையைத் தொடும்போது ரஹ்மத்து மணையைப் போட்டாள். வெயில் தணிந்த நேரம் அல்ல அது. முதுகில் சுடும். இருந்தாலும் மூன்று மடக்கும் குடித்தாள். இப்போதுதான் நிஜமாகவே எதிரே அவர் இருக்கிறார் என்ற நிச்சயத்தில் மூன்றாவது மடக்கு தேனாக இறங்கியது. போன தூக்கம் திரும்பி வந்தது. கோபம் மறுபடி அடங்கியது. மஃரிப் நேரத்தை அவள் அடுப்புக்குக் கொடுத்துவிட்டாள்.

அந்த நாட்களில் வீட்டில் இன்னொரு அதிசயமும் நடந்தது. சாகிராவின் சத்தம் தெருமுனை வரை போவது நின்றது. பிறகு வாசற்படியோடு நின்றது. கறிக்காரனிடம்கூட மரியாதையாகப் பேசினாள். ரஹ்மத்து அடுப்படியிலிருந்து விளக்கோடு வெளியே வரும்போது சில நாள் தன் லோட்டா ஈரமாகக் கவிழ்ந்திருப்பதைப் பார்த்தாள். கேட்டால், "தொண்டை காஞ்சுது, குடிச்சேன். அதுக்கும் கணக்கா?" என்று சாகிரா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

சண்டை முடிந்தது. கப்பல் விட்டார்கள். நாற்பத்தாறில் ஒரு நாள் காலை அப்துல் லத்தீப் வந்தார். உள்ளூர்க்காரர், கவுஸோடு ஒரே கடையில் இருந்தவர். வாசல் பலகையில் உட்கார்ந்து தலையைக் குனிந்துகொண்டார். சபரிலிருந்து வந்தவன் தலையைக் குனிந்தால் அதற்கு ஒரே அர்த்தம்தான். கதவுக்குப் பின்னால் ரஹ்மத்து வந்து நின்றாள்.

"காய்ச்சல்தான், அக்கா" என்றார் லத்தீப் சாகிராவிடம். "நாப்பத்திநாலு கடைசி. மருந்து ஏது அங்க? மரவள்ளிக் கெழங்கத் தின்னுக்கிட்டுக் கெடந்தோம். நாங்கதான் குளிப்பாட்டி, கபன் துணி சுத்தி நல்லபடி அடக்குனோம்."

சாகிரா "யா அல்லாஹ்" என்று நெஞ்சில் கை வைத்துக் கீழே சரிந்தாள். ரஹ்மத்தின் குரல் கதவுக்குப் பின்னாலிருந்து தெளிவாக வந்தது.

"சாயந்தரத்துல தண்ணி குடிப்பாங்களா?"

லத்தீப் நிமிர்ந்தார். "உங்களுக்குத் தெரியுமா, தங்கச்சி? ஒருநாளும் தப்பாது. ஜப்பான்காரன் கடியாரத்தையெல்லாம் அவனூரு நேரத்துக்கு மாத்தி வச்சான். எங்களுக்கு ராவும் பகலும் கொழம்பிப் போச்சு. கவுஸ் மச்சான் மட்டும் கொழம்பல. இஷா தொழுதுட்டு, பொறவு கொஞ்ச நேரம் பொறுத்து உக்காருவாரு. ஒரு மொடக்கு, ஒரு மூச்சு. ஒரு மொடக்கு, ஒரு மூச்சு."

"இஷாவுக்கு அப்புறமா?" அந்தக் குரல் இப்போது அவ்வளவு தெளிவாக இல்லை. "மஃரிப்புக்கு இல்லையா?"

"இல்லையே. நானும் கேட்டேன், ஏன் மச்சான், மஃரிப்புலயே குடிச்சா என்னன்னு. 'எங்க வூட்ல இப்பத்தாண்டா பாங்கு சொல்லுது. அவ இப்பத்தான் மணையப் போடுவா' ன்னாரு. கிப்லாவப் பாத்துத்தான் உக்காருவாரு. தொழுகை முடிஞ்சும் இன்னும் என்ன அந்தப் பக்கமேன்னு கேலி பண்ணுவோம். 'மக்காவுக்குப் போற வழியிலதானே நம்மூரு இருக்கு' ன்னு சிரிப்பாரு. காய்ச்சல்ல எழுந்திரிக்க முடியாதப்பவும் தூக்கி உக்கார வைக்கச் சொன்னாரு. 'அவ காத்துக்கிட்டிருப்பா' ன்னாரு."

லத்தீப் ஃபாத்திஹா ஓதிவிட்டுப் போனார். உறவுக்காரர்கள் வந்தார்கள், அழுதார்கள், வெள்ளைச் சேலை கொண்டுவந்தார்கள். மரித்த நாள் கணக்குக்குக் காலம் கடந்திருந்தாலும் அன்றைக்கே ரஹ்மத்து இத்தா இருக்கத் தொடங்கினாள். புருஷனை இழந்தவள் வெளியே வராமல் வீட்டுக்குள் இருக்கும் காலம் அது. எல்லோரும் போன பிறகும் அவள் கண்ணில் ஒரு சொட்டு இல்லை. அசர் ஆயிற்று. முருங்கை நிழல் கிணற்று மேடையைத் தொட்டது, தாண்டியது. அவள் அசையவில்லை.

"ஏடி, அழுதுருடி" என்றாள் சாகிரா. "இப்புடி இருக்காத, பயமா இருக்கு."

"நான் அங்க இல்லையே, மதினி" என்றாள் ரஹ்மத்து. அப்புறம் மடை உடைந்தது. "அவரு நேரத்துக்குப் போறேன்னு நான் கெளம்பிப் போயிட்டேன். அவரு என் நேரத்துக்கு வந்து உக்காந்திருக்காரு. காய்ச்சலோட உக்காந்திருக்காரு. எதிர மணையில யாரும் இல்ல. நான் அடுப்ப ஊதிக்கிட்டு இருந்திருக்கேன். கடைசி வரைக்கும் அவரு காலி மணையப் பாத்துத்தானே குடிச்சிருக்காரு!"

சாகிரா முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"மணை காலியா இல்லடி" என்றாள்.

ரஹ்மத்து நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ விட்டுட்டுப் போனப்பறம் நான் உக்காந்தேன். உன்னப் பாத்துட்டுத்தான். கல்நெஞ்சுக்காரின்னு ஊரு சொல்லுது, ஆனா நீ தூங்குற, நான் பொரண்டு பொரண்டு கெடக்குறேன். என்னதான் இருக்கு இதுலன்னு பாங்கு சொன்னதும் ஒருநாள் உக்காந்து பாத்தேன். உன்னக் கேலி பண்ணின வாயால எப்புடிச் சொல்றது? அதான் சொல்லல. மூணாவது மொடக்கு தம்பிக்குத்தான். ஒருநாளும் அவன நெனைக்காமக் குடிச்சதில்ல." குரல் உடைந்தது. "கெழக்கப் பாத்துத்தான் உக்காந்தேன். கிப்லாவுக்கு முதுகைக் காட்டிக்கிட்டு."

ரஹ்மத்துக்கு முதலில் வந்தது ஆறுதல் இல்லை. என் இடத்தில் நீ எப்படி உட்காரலாம் என்ற வயிற்றெரிச்சல்தான் வந்தது. உண்மையைச் சொல்ல என்ன வெட்கம்? பெண்ணென்றால் அப்படித்தான் வரும். அடுத்த நிமிடம் அவள் சாகிராவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, பிள்ளை இறந்து பிறந்த அன்று அழுததைப் போல அழுதாள்.

மஃரிப் பாங்கு கேட்டது. தொழுது முடித்ததும் சாகிரா கொல்லைப்பக்கக் கதவருகே மணையைப் போட்டாள். லோட்டாவில் தண்ணீர் எடுத்து வைத்துவிட்டு ஒதுங்கி நின்றாள்.

"நீயே உக்காரு. உன் எடம்."

ரஹ்மத்து எழுந்து போய், எதிர்ச்சுவரில் வருடக்கணக்காகச் சாத்தி வைத்திருந்த கவுஸின் மணையை எடுத்தாள். தூசியைத் தட்டினாள். தன்னுடையதற்குப் பக்கத்தில், இரண்டும் கிழக்கே பார்க்கும்படி போட்டாள்.

"வாங்க மதினி. அவரு தனியா உக்காந்திருக்காரு."