முட்டைத் திருடன் என்று பெயர் வைத்துவிட்டார்கள்

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் நான் ஆசிரியையாகச் சேர்ந்த தோட்டப் பாடசாலைக்கு, மலையகத்துத் தலவாக்கலையில் பஸ் ஏறி, பாதி வழியில் இறங்கி, தேயிலைக்குள் நடந்து போக வேண்டும். நீளமான ஒரே மண்டபம். வகுப்புக்கும் வகுப்புக்கும் இடையில் ஒரு கரும்பலகைதான் சுவர். பக்கத்து வகுப்பு வாய்ப்பாடு சொன்னால் என் பிள்ளைகளும் சேர்ந்து சொல்வார்கள். நானும் இப்படி ஒரு தோட்டத்து லயத்தில், வரிசை வீடொன்றில் பிறந்து, இப்படி ஒரு மண்டபத்தில் படித்தவள்தான். பழக்கமில்லாத இடம் இல்லை. ஆனாலும் வீட்டுக்குத் திரும்பும்போது அநேகமாகத் தலைவலியோடுதான் திரும்புவேன்.

எனக்கு ஐந்தாம் வகுப்பு. புலமைப்பரிசில் பரீட்சை எழுதும் வகுப்பு. காலையில் பயிற்சித்தாள், மத்தியானம் பயிற்சித்தாள். பிள்ளைகளுக்கும் சலித்துவிட்டது, எனக்கும் சலித்துவிட்டது. அந்தச் சமயத்தில்தான் ஹட்டனில் ஒரு முஸ்லிம் நானாவின் கடையில், பழைய கொப்பிகளுக்கு நடுவே, டைனோசர்களைப் பற்றிய ஆங்கிலப் புத்தகம் ஒன்று கிடைத்தது. வண்ணப் படங்கள். யாரோ வெளிநாட்டுப் பிள்ளை படித்துக் கழித்த புத்தகம். எல்லாருக்கும் தெரிந்த பெரிய பல்லுக்காரன் அதில் ஒரே ஒரு பக்கத்தில் இருந்தான். மற்றப் பக்கங்களில் இருந்தவற்றை நானே கேள்விப்பட்டதில்லை.

பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வாசிக்க வராது. ஒவ்வொரு படத்தின் கீழும் வெள்ளைத் துண்டுக் காகிதத்தில் தமிழில் எழுதி ஒட்டினேன். தெரிசினோசரஸ் என்று ஒன்று. அதன் நகம் தேயிலைச் செடி வெட்டும் கவ்வாத்துக் கத்தியைவிட நீளம். அதை வைத்து யாரையும் கிழிக்கவில்லை, இலை தழையை இழுத்துத் தின்றிருக்கிறது. பாகிசெபலோசரஸின் மண்டையோடு செங்கல்லைப்போலத் தடிப்பு. அதைக் கேட்ட நாளே இரண்டு பையன்கள் முட்டிக்கொண்டு அழுதார்கள். பாராசரோலோபஸின் தலைக்கு மேல் உள்ளே குழாய் ஓடும் நீண்ட கொண்டை. அதன் வழியாக மூச்சை விட்டு ஊதியிருக்கும் என்று நினைக்கிறார்கள் என்றேன்.

"நம்ம பெக்டரி சங்கு மாதிரியா டீச்சர்?"

"அப்படித்தான் இருந்திருக்கும்."

"அப்ப அதுகளும் சங்கு ஊதுனா வேலைக்குப் போகுமா?"

வகுப்பே சிரித்தது. அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் பாடசாலைத் தலைவரான அதிபர் வந்தார். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து எங்கள் பக்கத்திலேயே பல வருடம் கிடந்தவர். கண்டிப்பானவர், கெட்டவர் இல்லை.

"உது ஸ்கொலர்ஷிப்புக்கு வருமோ ரீச்சர்?"

"வராது சேர்."

"பிறகேன் உந்தப் பல்லியளோட மினக்கெடுறியள்?"

புத்தகத்தை மூடினேன். ஆனால் இடைவேளையில் பிள்ளைகள் சுற்றி நின்று கேட்டால் எப்படி மறுப்பது?

அவர்களில் ஒரு சிறுமி. வகுப்பில் கை உயர்த்தவே மாட்டாள். அம்மா கொழுந்து பறிப்பவர், வீட்டில் கோழி வளர்த்தார்கள். அவளுக்குப் பிடித்தது ஒவிராப்டர். பல்லில்லாத அலகு, தலையில் கொண்டை, தீக்கோழி மாதிரி ஓட்டம். அந்தப் பெயருக்கு அர்த்தம் முட்டைத் திருடன். முதன்முதலில் அதன் எலும்பு ஒரு கூட்டின் முட்டைகளுக்குப் பக்கத்தில் கிடைத்ததால், வேறொரு டைனோசரின் முட்டையைத் தின்ன வந்தபோது செத்தது என்று முடிவுகட்டி அப்படிப் பெயர் வைத்துவிட்டார்கள். புத்தகத்திலும் அப்படித்தான் இருந்தது. ஆனால் அதற்குக் கொஞ்சம் முந்தி வானொலியில் ஒரு விஞ்ஞான நிகழ்ச்சி கேட்டிருந்தேன். அதே மாதிரி முட்டை ஒன்றுக்குள் குஞ்சின் எலும்பு கிடைத்ததாம். பார்த்தால் அது ஒவிராப்டர் இனத்துக் குஞ்சு. முட்டைமேல் குந்தியபடியே செத்துப்போன தாயோ தகப்பனோ ஒன்றும் கிடைத்திருந்தது. ஆகவே நான் ஒட்டிய துண்டில் புத்தகத்தில் இருந்ததை எழுதவில்லை. "திருடன் என்று தவறாகப் பெயர் பெற்றது. தன் முட்டைகளையே அடைகாத்தது" என்று எழுதினேன்.

"எங்க கோழியும் செறகை விரிச்சுக்கிட்டுத்தான் உக்காரும். அதைப் போயி திருடின்னு சொல்லுவாங்களா?" என்றாள் அந்தச் சிறுமி. அவள் என்னிடம் இரண்டு வசனம் சேர்த்துப் பேசியது அன்றுதான்.

அந்தப் பாடசாலைத் தவணையில் டவுன் பாடசாலை ஒன்றில் பல பாடசாலைகள் சேர்ந்து விஞ்ஞானக் கண்காட்சி வைத்தன. எங்களுக்கும் ஒரு மேசை. டைனோசர் செய்கிறோம் என்றேன். அதிபர் யோசித்துவிட்டு, "செய்யுங்கோ. ஆனா நல்ல பெரிய பல்லு வைச்ச ஒண்டாச் செய்யுங்கோ. ஆக்களுக்குத் தெரிஞ்சதாயிருக்க வேணும்" என்றார். பிள்ளைகள் ஒப்புக்கொள்ளவில்லை. களிமண்ணில் நகக்காரனைச் செய்தார்கள். தண்ணீர்க் குழாய்த் துண்டை வளைத்துச் சங்கு ஊதுபவனைச் செய்தார்கள். அந்தச் சிறுமி மட்டும் தனியாக உட்கார்ந்து ஒரு கூடு செய்தாள். வட்டமாக நீள நீள முட்டைகள், நடுவில் ஒவிராப்டர், இரண்டு கையும் முட்டைகளுக்கு மேல் விரித்தபடி. நான் பார்த்த எந்தப் படத்திலும் அப்படி இல்லை. கோழியைப் பார்த்துச் செய்திருக்கிறாள்.

கண்காட்சியன்று மழை. மண் உருவங்களைப் பொலித்தீனில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனோம். நகக்காரனின் ஒரு கை வழியிலேயே உடைந்துவிட்டது. எங்களுக்கு ஒதுக்கிய மேசை வாசலோரம், சாரல் விழும் இடத்தில். நடு மண்டபத்தில் டவுன் பிள்ளைகளின் எரிமலை புகைவிட்டுக்கொண்டிருந்தது.

நடுவராக வந்தவர் ஓய்வுபெற்ற விஞ்ஞான ஆசிரியர். கூட்டைப் பார்த்ததும், "ஒவிராப்டரா? முட்டை திருடித் தின்னுறது. சரி, நல்லாச் செஞ்சிருக்கீங்க" என்றார்.

சிறுமி நிமிர்ந்தாள். "அது திருடல சேர். அதோட முட்டைதான்."

"யார் சொன்னது?"

அவள் புத்தகத்தைத் திறந்து என் காகிதத் துண்டைக் காட்டினாள். அவர் கண்ணாடியைச் சரிசெய்து வாசித்தார். பிறகு நகத்தால் துண்டின் ஓரத்தைக் கிளப்பி, கீழே இருந்த ஆங்கிலத்தைப் பார்த்தார்.

"என்னம்மா இது? புத்தகத்துல ஒண்ணு இருக்கு, நீங்க அதுக்கு மேல வேற ஒட்டி வச்சிருக்கீங்க."

"புத்தகம் பழசு சேர். பெறகு கண்டுபிடிச்சிருக்காங்க. ரேடியோவுல சொன்னாங்க."

"ரேடியோவுல ஆயிரம் சொல்லுவான். எழுத்துல இருக்கா? காட்டுங்க."

என்னிடம் எழுத்தில் எதுவும் இல்லை. எங்கே போய்த் தேடுவது? அந்த ஊர் நூலகத்தில் தமிழில் டைனோசர் என்ற சொல்லே இல்லை. மற்றொரு முறை விளக்கத் தொடங்கினேன். அவர் அடுத்த மேசைக்கு நகர்ந்துவிட்டார். நகர்வதற்கு முன் எங்கள் மேசையில் வைத்திருந்த பெயரட்டையில் சிவப்புப் பேனாவால் 'தகவல் பிழை' என்று எழுதினார். பரிசு எரிமலைக்குப் போனது. அது போகட்டும். பிள்ளைகள் உண்மையைச் சொல்லிவிட்டு, பொய் சொல்லிப் பிடிபட்டவர்களைப்போல முகத்தைத் தொங்கப்போட்டு நின்றார்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

கூட வந்திருந்த அதிபர் மெதுவாக, "நான் அப்பவே சொன்னன் ரீச்சர், தெரிஞ்சதைச் செய்யுங்கோ எண்டு" என்றார். அவர் சொன்னதில் ஏளனம் இல்லை. அதனால் இன்னும் எரிச்சலாக இருந்தது.

திரும்பும் பஸ்ஸில் சிறுமி எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, கூட்டை மடியில் வைத்திருந்தாள். "இப்பதான் திருடலன்னு தெரிஞ்சிருச்சே டீச்சர். பேரை மாத்திட்டாங்களா?" என்று கேட்டாள்.

"மாத்த மாட்டாங்க. மொதல்ல வச்ச பேருதான் நிக்கும். அது பேர் வைக்கிற விஞ்ஞானிங்க சட்டம்."

"பொய்ன்னு தெரிஞ்ச பெறகுமா?"

"ஆமா."

"அது என்ன சட்டம்," என்றாள். அந்தச் சட்டத்தை நானே போட்டதுபோல நான் குறுகிப்போனேன்.

அடுத்த நாளிலிருந்து பயிற்சித்தாள். அவள் புலமைப்பரிசிலில் சித்தியடையவில்லை, சிறிய இடைவெளியில் தவறிவிட்டது. ஆனாலும் எங்களிடம் ஐந்துக்கு மேல் வகுப்பு இல்லாததால் ஆறாம் வகுப்புக்கு டவுனுக்குத்தான் போனாள்.

அடுத்த வருடம் ஒரு காலை, கொழுந்துக் கூடையோடு மலைக்கு ஏறிக்கொண்டிருந்த அவளுடைய அம்மா என்னைக் கண்டு பாதையில் நின்றார்.

"டீச்சர், ஒங்க புள்ள செஞ்ச வேலையைக் கேட்டீங்களா? அங்க ஒரு சேர் திமிங்கிலம் மீனுன்னு சொல்லியிருக்காரு. இவ எந்திரிச்சு, இல்ல சேர், அது குட்டி போட்டுப் பால் குடுக்கும்னு சொல்லியிருக்கா. வெளிய நிப்பாட்டிட்டாங்க. என்னையும் கூப்புட்டு அனுப்புனாங்க. ஒரு நாள் வேலை போச்சு."

"அவ சொன்னது சரிதாங்க," என்றேன்.

"சரியா இருந்தா எனக்கென்ன டீச்சர். நீங்க பழக்கி விட்டுட்டீங்க. அங்க போயி நிக்கிறது நானு."

சொல்லிவிட்டு அவர் கூடைக் கயிற்றைத் தலையில் சரிசெய்துகொண்டு ஏறினார். எனக்கும் மணி அடிக்கும் நேரம் ஆகியிருந்தது. அந்தப் பாடசாலைக்குப் போய் அந்த ஆசிரியரோடு நானே பேசினால் என்ன என்று யோசித்துக்கொண்டே நடந்தேன். எழுத்தில் காட்டுங்க என்று அவரும் கேட்டால், இந்த முறையாவது கையில் ஏதாவது இருக்க வேண்டும்.