பூந்தொட்டிக்குள் ஒரு விரல்

பள்ளிக்கூட வாசலில் இருக்கும் பூந்தொட்டிக்குள் ஆட்காட்டி விரலை இரண்டாவது கணு வரை இறக்குகிறார். காய்ச்சல்காரக் குழந்தையின் கழுத்தில் கை வைத்ததைப் போல கொஞ்ச நேரம் அப்படியே இருக்கிறார். பிறகு விரலை எடுத்துக் கைக்குட்டையில் துடைக்கிறார்.

“தினமும் தண்ணி ஊத்துறீங்களாண்ணே?”

வாயிற்காவலர் நாற்காலியிலிருந்து பாதி எழுந்தார். “நானா? குழாய் ரிப்பேராகிப் பத்து நாளாச்சு மேடம். ஒரு சொட்டு ஊத்தல. மத்த தொட்டியெல்லாம் காஞ்சு கெடக்கு. இது மட்டும் தளதளன்னு நிக்குது பாருங்க. ராசியான செடி!”

“ராசிதான்,” என்றபடி தொட்டியின் விளிம்பைப் பிடித்து நிமிர்ந்தார். முழங்கால் இரண்டும் சத்தம் போட்டன. “பொண்ணு பாட்டில் தண்ணிய ஒரு சொட்டு மிச்சம் வைக்காம குடிச்சிடுறான்னு அவ அம்மா சொன்னாங்க. யாரு குடிக்கிறான்னு பாத்துட்டீங்கல்ல?” என்று கூட வந்திருந்த என்னிடம் சொன்னார். கண்டுபிடித்துவிட்ட சந்தோஷம் குரலில் துளியும் இல்லை.

வயது ஐம்பத்து நான்கு. காலை ஆறு மணி முதல் இரண்டு மணி வரை ஒரு பரிசோதனை நிலையத்தில் நுண்ணோக்கிக்குள் கண்ணை வைத்து மற்றவர்களின் ரத்தத்தையும் சிறுநீரையும் பார்ப்பது பிழைப்பு. இரண்டு மணிக்கு மேல் பள்ளிக்கூடங்கள். தன்பாலினத்தவரை நேசிக்கும் பிள்ளைகள், பிறப்புச் சான்றிதழில் எழுதிய பாலுக்குள் அடங்காத பிள்ளைகள், இவர்களெல்லாம் பயமில்லாமல் படிக்க வழி செய்யச் சொல்லி ஒவ்வொரு தலைமையாசிரியரின் அறை வாசலிலும் காத்திருப்பார். இதற்குச் சம்பளம் கிடையாது, பதவிப் பெயரும் கிடையாது. “காலைல ஊரார் மூத்திரம், சாயங்காலம் ஊரார் பிள்ளைங்க மூத்திரம். எனக்கு எழுதி வச்சது அவ்வளவுதான்.” காவலாளிகளுக்கு இவர் பூந்தொட்டி மேடம். தலைமையாசிரியர்கள் என்ன பெயர் வைத்திருக்கிறார்கள் என்று நான் விசாரிக்கவில்லை.

எந்தப் பள்ளியின் படியில் ஏறும்போதும், “இதான் கடைசி ஸ்கூல். சத்தியமா இதோட விட்டுடுறேன்,” என்பார். இது முப்பத்தோராவது கடைசிப் பள்ளி.

தொட்டிப் பாடம் மகனிடம் கற்றது. அந்த மகனை அப்போது இவர் உட்பட எல்லோரும் மகள் என்றே சொல்லிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் கழிப்பறையில், பையன் மாதிரி இருக்கிறாயே என்று துரத்தினார்கள். ஆண்கள் கழிப்பறைப் பக்கம் போவதற்கில்லை. பதின்மூன்று வயதில் மாதம் ஒரு காய்ச்சல். ஒருநாள் பிள்ளையின் சிறுநீரைத் தானே தன் நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார். சந்தைக் கூட்டம் போலச் சீழணுக்கள். தண்ணீரே குடிப்பதில்லை என்று திட்டித் தீர்த்துவிட்டு, ஒரு பெரிய பாட்டில் வாங்கிக் கொடுத்தார். அது தினமும் காலியாக வீடு திரும்பியது. நான்கு மாதம் அந்தக் காலி பாட்டிலைப் பார்த்துப் பெருமைப்பட்டார். காய்ச்சல் மட்டும் நின்றபாடில்லை.

“எனக்குக் கிருமி தெரியும், அணு தெரியும், உப்பு தெரியும். என் பிள்ளை ஸ்கூல் வாசல்ல நின்னு தண்ணியச் செடிக்கு ஊத்திட்டு வர்றது தெரியல பாருங்க.” குடித்தால் கழிப்பறைக்குப் போக வேண்டும், போனால் அடி விழும். அதனால் செடி குடித்தது.

மகன் இப்போது வேறு ஊரில் லிஃப்ட் மெக்கானிக்காக இருக்கிறான். வாரம் ஒருமுறை அழைத்து, “அம்மா, நல்லா குடிக்கிறேன், நல்லா போறேன். நீ மொதல்ல படுத்துத் தூங்கு,” என்று அறிக்கை தருகிறான். அறிக்கை கேட்பவரோ குடிப்பதில்லை. கைப்பையில் எந்நேரமும் ஒரு லிட்டர் பாட்டில் நிறைந்தே இருக்கும். ஏன் என்று கேட்டால், “ஸ்கூல் ஸ்கூலா அலையுறேன், எங்க போறது?” என்கிறார்.

அவருடைய தோல்வி ஒன்றையும் சொல்ல வேண்டும். அவரே அதைச் சொல்லாமல் யாரையும் விடுவதில்லை. முதல் பள்ளியில் இரண்டு வருடம் போராடி, எல்லாருக்கும் பொதுவாக ஒரு தனிக் கழிப்பறை வாங்கினார். ஏழு வண்ணத்தில் பெயர்ப்பலகை, ரிப்பன், கைதட்டல் எல்லாம் இருந்தன. ஒரு வருடத்தில் ஒரு பிள்ளைகூட உள்ளே போகவில்லை. போனால் யார் என்று பள்ளிக்கே தெரிந்துவிடுமே. “போர்டு வைக்கச் சொன்னது நான்தான். கக்கூஸ் கட்டுறேன்னு மேடை கட்டி வச்சிட்டேன்.” ஏணி போட்டுப் பலகையைக் கழற்றியதும் அவர்தான். அன்றிலிருந்து பலகை கேட்பதை விட்டுத் தாழ்ப்பாள் கேட்கிறார்.

இந்தப் பள்ளிக்கு அவரை வரவழைத்தது ரொட்டிக் கடையில் வேலை பார்க்கும் ஒரு தாயின் தொலைபேசி. மகள் ஒன்பதாம் வகுப்பு. பள்ளி அணியில் பந்து தடுப்பதால் கோல்கீப்பர் என்று பெயர். தோழி ஒருத்திக்கு ஆசையாக எழுதிய கடிதம் வகுப்பு முழுக்கச் சுற்றிவிட்டது. அதன் பிறகு இவள் கழிப்பறைக்குள் நுழைந்தால் மற்றவர்கள் முகத்தைச் சுளித்து வெளியேறினார்கள். ஒருநாள் தாழ்ப்பாள் இல்லாத கதவை உதைத்துத் திறந்து சிரித்தார்கள். அதோடு அவள் போவதை நிறுத்திவிட்டாள். “ரெண்டு தடவ ஆஸ்பத்திரிக்குப் போயாச்சுக்கா. மாசக் கடைசி வரைக்கும் பாப்பேன். அப்புறம் ஸ்கூலவிட்டு நிறுத்திடுவேன். படிப்பு போனா போகட்டும், கிட்னி போச்சுன்னா?”

தலைமையாசிரியை நல்ல மனுஷி. நல்ல மனுஷிகளிடம்தான் நேரம் அதிகம் செலவாகும்.

“எங்க ஸ்கூல்ல அந்த மாதிரிப் பிள்ளைங்க யாரும் இல்லையே மேடம். ஆனா நாங்க ரொம்ப முற்போக்கு. உங்களக் கூப்பிட்டுப் பெருசா ஒரு பாராட்டு விழா வைக்கணும்னு ரொம்ப நாளா ஆச.”

“யாரும் இல்லன்னா எதுக்கு விழா?”

தலைமையாசிரியை சிரித்துக்கொண்டே பேனாவை எடுத்தார். “சரி, யாரு அந்தப் பொண்ணு? பேரச் சொல்லுங்க. கூப்பிட்டு ஆறுதலா பேசறேன்.”

“கூப்பிடவே வேண்டாம். அவ பயப்படுறதே அதுக்குத்தான். கதவச் சரி பண்ணுங்க போதும்.”

“தாழ்ப்பாளா? பசங்க ஒடச்சிடுறாங்க மேடம்.”

“ஒடச்சா மறுபடி போடுங்க. பல்பு ஃப்யூஸ் போச்சுன்னு இருட்டுலயா பாடம் நடத்துறீங்க?”

மொத்தம் மூன்று கோரிக்கைகள். பன்னிரண்டு கதவுகளிலும் உள்பக்கம் தாழ்ப்பாள். அலுவலக வராந்தாவில் விருந்தினருக்கென்று பூட்டியே கிடக்கும் கழிப்பறையைப் பலகை எதுவும் இல்லாமல் திறந்து வைப்பது. இடைவேளையில் கழிப்பறைப் பக்கத்து வராந்தாவில் ஒரு ஆசிரியை நாற்காலி போட்டு நோட்டுத் திருத்துவது. “முறைச்சுப் பாக்க வேணாம். சும்மா அங்க உக்காந்து திருத்தினா போதும்.” தலைமையாசிரியை யோசித்துப் பார்ப்பதாகச் சொன்னார். இவர் எழுந்தார். “விழாவுக்கு வர்றேன் மேடம். ஆனா மொதல்ல தாழ்ப்பாள், அப்புறம் பூங்கொத்து.”

நியாயம் செய்யாததை விழா ஆசை செய்தது. ஒரே வாரத்தில் தாழ்ப்பாள்கள் மாட்டப்பட்டன, நாற்காலி வந்தது, விருந்தினர் பூட்டு போனது. மாதக் கடைசியில், பாதுகாப்பான பள்ளிகளுக்காக உழைப்போரைக் கொண்டாடும் விழாவும் வந்தது. மேடையில் பெயர் கூப்பிட்டபோது நாயகியைக் காணோம். கழிப்பறைகளில் ஒவ்வொரு கதவாக உள்ளே நின்று சாத்திப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு தாழ்ப்பாளை வெளிப்பக்கமாக மாட்டியிருந்தார்கள். கைப்பையிலிருந்து ஸ்க்ரூ டிரைவரை எடுத்து அவரே கழற்றி மாற்றினார். பாராட்டு இருபது நிமிடம் தாமதமானது.

நான்கு பேர் பேசினார்கள். மூன்றாமவர் அவரை அணையா விளக்கு என்று வர்ணித்தபோது, விளக்கு மடியில் பூங்கொத்தோடு நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தது.

நாலு மணிக்கு வாசலில் நின்றோம். “இதான் கடைசி ஸ்கூல்,” என்றார். பிள்ளைகள் கலைந்து போய்க்கொண்டிருந்தார்கள். கோல்கீப்பர் பையைத் தோளில் போட்டபடி வந்தாள். இவர் யார் என்று அம்மா சொல்லியிருக்க வேண்டும். அருகில் வந்ததும் பாட்டிலைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காட்டினாள்.

“காலி, ஆன்ட்டி.”

“சரிம்மா. பாத்துப் போ.”

அவள் தெருமுனை திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் நம்பிக்கை இல்லை. காலி பாட்டிலை அவர் ஏற்கனவே நான்கு மாதம் நம்பியவர்.

“உங்க கண்ணு பட்டுடுச்சு மேடம்,” என்று வாயிற்காவலர் குறைபட்டுக்கொண்டார். “குழாய இன்னும் சரி பண்ணல. அப்பவும் ஜம்முனு நின்ன செடிதான. ஒரு வாரமா என்னவோ தெரியல, இப்படித் தொவண்டு போச்சு.”

பூங்கொத்தைக் காவலர் கையில் திணித்துவிட்டு, முழங்கால் சத்தம் போடக் குனிந்தார். இரண்டாவது கணு வரை விரலை இறக்கி வெளியே எடுத்தார். விரலில் புழுதி மட்டுமே ஒட்டியிருந்தது. அதைத் துடைக்கவில்லை. கைப்பையைத் திறந்து அந்த நிறைந்த பாட்டிலை வெளியே எடுத்தார். மூடியைத் திருகிப் பாதியைச் செடிக்கு ஊற்றினார். மீதியை அங்கேயே நின்று, அண்ணாந்து, கடைசிச் சொட்டு வரை குடித்தார்.