ஜீப்புக்கு அடியில் ஒரு டொக்

எங்கள் ஜீப்பில் டொக் என்று ஒரு சத்தம் வரத் தொடங்கியபோது எனக்கு ஒன்பது வயது. கிளட்சை விட்டதும் ஒருமுறை, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்ததும் ஒருமுறை, யாரோ அடியில் படுத்துக்கொண்டு சுத்தியலால் தட்டுவதுபோல் கேட்கும். அப்பாவுக்கு முன்பே இரண்டு பேர் ஓட்டித் தேய்த்த பழைய வண்டி அது. முன்சக்கரம், பின்சக்கரம் நான்குமே இழுக்கும் என்பதில் அப்பாவுக்குப் பெருமை. மழை பெய்தால் சேவுகம்பட்டியில் எங்கள் தோட்டத்துக்குப் போகும் பாதையில் அது ஒன்றுதான் சிக்காமல் போகும். நான்கும் இழுக்கிற வண்டியில் சத்தம் எங்கிருந்தும் வரலாம் என்பது எங்களுக்குப் பிறகுதான் தெரிந்தது.

வலது முன்சக்கரம்தான் என்றார் அப்பா. ஒரு மெக்கானிக் அதைக் கழற்றி பேரிங் மாற்றினார். சத்தம் போகவில்லை. இன்னொருவர் அதே சக்கரத்தைக் கழற்றி, யோசித்து, மறுபடி மாட்டினார். போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து வரும் அம்மா ஒவ்வொரு முறையும், "ஏங்க, பின்னாடியில்ல கேக்குது" என்பாள். அப்பா பதிலே சொல்லமாட்டார். இதற்கு மட்டுமல்ல, அந்த மாதங்களில் அம்மா எதைச் சொன்னாலும் பாதிக்குப் பதில் கிடையாது. அம்மாவும் கோபத்தில் பேச்சைக் குறைத்துக்கொண்டாள். யாருக்கு யார்மேல் என்ன கோபம் என்று புரியாமல், நான் இருவரிடமும் மிக நல்ல பிள்ளையாக நடந்து பார்த்தேன். யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து அப்படியே வத்தலக்குண்டு ரோட்டிலிருந்த பாய் பட்டறைக்குப் போனோம். வெள்ளிக்கிழமை லீவு விடுகிறவர் என்பதால் ஞாயிறு திறந்திருக்கும். பாய் எதையும் கழற்றவில்லை. "மொதல்ல ஒரு ரவுண்டு போயிட்டு வருவோம்" என்று தானே ஓட்டினார். அப்பா அவர் பக்கத்தில். நானும் அம்மாவும் பின்னால்.

டொக்.

"பாத்தீகளா பாய், ரைட்டு முன் வீலு" என்றார் அப்பா.

"எங் காலுகிட்டயா? எனக்குப் பின்னாடில்ல கேக்குது" என்றார் பாய்.

சத்தம் நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு நேர் கீழே என் பாதத்தில் இடித்தது. "இங்கனதான்ப்பா!" என்று கத்தினேன். அப்பா திரும்பி முறைத்தார். எங்கள் மூன்று பேருக்கும் பின்னால் கேட்பது அப்பாவுக்கு மட்டும் எப்படி முன்னால் கேட்கும்? வகுப்பில் டீச்சர் வேண்டுமென்றே தப்பாகச் சொல்லி, யார் திருத்துகிறார்கள் என்று பார்ப்பதுண்டு. அப்பாவும் அப்படி ஏதோ செய்கிறார் என்று முடிவு செய்தேன்.

பட்டறையில் சக்கரங்களுக்குக் கல் வைத்து, கியரை நியூட்ரலில் போட்டுவிட்டு, பாய் அடியில் நுழைந்தார். பின்சக்கரத்துக்குப் போகும் நீளமான ஷாஃப்டை இரண்டு கையாலும் பிடித்து இப்படியும் அப்படியும் திருகினார். டொக், டொக். என்னையும் குனிந்து பார்க்கச் சொன்னார். ஷாஃப்டின் முனையில் சிலுவைபோல ஓர் இரும்பு. அதற்குப் பெயரே கிராஸ்தானாம். பூசையிலிருந்து நேராக வந்தவளுக்கு வண்டிக்கு அடியிலும் ஒரு சிலுவை இருப்பது ஆச்சரியமாக இருந்தது. அது தேய்ந்து ஆடியதில்தான் அத்தனை சத்தமும்.

"அப்பறம் எனக்கு மட்டும் ஏன் ரைட்டுல கேட்டுச்சு?" என்று அப்பா தன்னையே கேட்பதுபோல் கேட்டார்.

பாய் அவரைச் செத்த நேரம் பார்த்தார். பிறகு அப்பாவின் இடது பக்கம், சற்றுப் பின்னால் போய் நின்று, "அண்ணே, சாவியைக் குடுங்க" என்று மெதுவாகக் கேட்டார். அப்பா அசையவில்லை. பாய் தன் கையிலிருந்த ஸ்பேனரை அங்கேயே கல்மேல் போட்டார். அப்பா சட்டென்று வலது பக்கம் திரும்பிப் பார்த்தார்.

நான் வாய்விட்டுச் சிரித்தேன். வேறு யாரும் சிரிக்கவில்லை. நான் சிரிப்பதைப் பார்த்து, எதற்கென்று தெரியாமலே அப்பாவும் கொஞ்சம் சிரித்தார்.

பாய் அம்மாவிடம் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார். "அக்கா, அண்ணனுக்கு எடது காது கேக்கல போலருக்கு. ஒத்தக் காதுல கேட்டா சத்தம் எங்கிட்டிருந்து வருதுன்னே பிடிபடாது. எங்க அத்தாவுக்கும் இப்பிடித்தான். டாக்டர்ட்ட காட்டுங்க."

அம்மா அப்பாவின் வலது பக்கம் போய் நின்றாள். "எம்புட்டு நாளா?"

"தை மாசத்துலருந்து. தானா சரியாயிரும்னு இருந்துட்டேன்" என்றார் அப்பா. சொல்லிவிட்டு வண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

காது கேட்காது என்றால் டொக் மட்டும் எப்படிக் கேட்டது? எனக்கு ஒன்றும் ஓடவில்லை. கேட்கலாமென்று வாயெடுத்தேன், அம்மா என் தலையில் கை வைத்து அழுத்தினாள்.

கிராஸ் மாற்றி முடிய மத்தியானமாயிற்று. கிளம்பும்போது அம்மா என்னை முன்னால் ஏறச் சொல்லிவிட்டு, தான் பின்னால் ஏறி, அப்பாவின் வலது தோளை ஒட்டி உட்கார்ந்தாள். வண்டி சத்தமில்லாமல் போயிற்று.

"வேணும்னே பேசமாட்டேங்கிறீங்கன்னு நெனச்சு என்னென்னமோ சொல்லிட்டேங்க" என்றாள்.

"நீ சொன்னதுதான் ஒண்ணுகூடக் கேக்கலையே" என்றார் அப்பா.

அம்மா பெரிதாகச் சிரித்தாள். திரும்பிப் பார்த்தால் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று விளங்கவில்லை. அதை யோசிக்க எனக்கு அவகாசமும் இல்லை. சத்தம் வந்த இடத்தைச் சரியாகச் சொன்னதற்குப் பரிசாகத்தான் அம்மா தன் இடத்தை எனக்குக் கொடுத்திருக்கிறாள் என்று நிமிர்ந்து உட்கார்ந்து, அப்பாவின் இடது பக்கமாக, வீடு வரும்வரை வாய் ஓயாமல் பேசிக்கொண்டு வந்தேன். அப்பா எதற்குமே மறுப்புச் சொல்லவில்லை.