கஸ்தூரி அக்கா கோழிக்கு நான் பாத்த டிஎன்ஏ டெஸ்ட்

ஒரு அசிங்கத்தை முதல்ல ஒத்துக்கறேன். ஒரு திங்கக்கிழமை காலையில, சோழிங்கநல்லூர் போற ஷேர் ஆட்டோவுல, என் பையிலேர்ந்து கோழிக் குழம்பு ஒழுகி பக்கத்து சீட் அம்மா புடவையில கொட்டிடுச்சு.

மிளகும் சின்ன வெங்காயமும் சேந்து வதங்கின வாசனை... ஆட்டோவே திரும்பிப் பாத்துது.

"லஞ்சாப்பா?"ன்னாங்க அந்தம்மா.

"இல்லம்மா, சாம்பிள்"னேன். நகர்ந்து உக்காந்துட்டாங்க.

பத்துப் பன்னெண்டு வருஷம் இருக்கும். செம்பாக்கத்துல வாடகை வீடு, நாவலூர்ல ஒரு லேப்ல வேலை. நான் சயின்டிஸ்ட்னு தெருவுல ஒரு பேச்சு. நானும் மறுக்கல. உண்மையில, வர்ற பார்சலுக்கெல்லாம் நம்பர் ஸ்டிக்கர் ஒட்டறவன்.

தெருமுனையில கஸ்தூரி அக்கா. ஊர்ப் பழைய குடும்பம். நிலமெல்லாம் பிளாட் ஆனப்புறம் நாட்டுக்கோழிக் குழம்பு வெச்சு வித்தாங்க. ஞாயித்துக்கிழமை ஆனா எங்க காலனியே பாத்திரத்தோட அவங்க வாசல்லதான்.

எனக்கு மட்டும் ஒரு உறுத்தல். வாரம் இருபது கோழி விக்கறாங்க. பின்பக்கம் மேயறது நாலு. அடுத்த வாரமும் அதே நாலு. அதுல ஒண்ணு நொண்டி, எனக்கு நல்லா முகப்பழக்கம். அப்போ மீதி எங்கேர்ந்து வருது?

பிராய்லர் வண்டி ஒண்ணு அந்தத் தெருவுல திரும்பினதை வேற பாத்தேன். பாத்தேனா, பாத்த மாதிரி இருந்துதா... இப்போ சத்தியம் பண்ண மாட்டேன்.

ஏரிக்கரையில வாக்கிங் வர்ற ரெண்டு சார்கிட்ட மட்டும்தான் சொன்னேன். "யார்கிட்டயும் சொல்லாதீங்க"ன்னு வேற சொன்னேன். நாங்க ஏரியை ஒரு சுத்து முடிக்கறதுக்குள்ள நியூஸ் ரெண்டு சுத்து முடிச்சிடுச்சு.

ரெண்டே வாரத்துல அக்கா வாசல் காலி. மூணாவது ஞாயிறு, கையில ஒரு தூக்கோட என் வீட்டு வாசல்ல நிக்கறாங்க.

"இன்னா சார், என் கோழி மேல டவுட்டாமே? பொண்ணு நர்சிங் படிச்சுகினு கீது, இந்தக் கோழிய நம்பித்தான். நீதான் லேப்ல பெரிய ஆளாச்சே... இத்த எட்துகினு போய்ப் பாரு. பொய்யின்னா நானே மூடிக்கறேன்."

மறுநாள் ஆட்டோவுல ஒழுகினது அந்தத் தூக்குதான்.

லேப்ல நிஜ சயின்டிஸ்ட் மாலதி. கால்ல விழாத குறையா கெஞ்சினேன். "செல்லுக்குள்ள மைட்டோகாண்ட்ரியா இருக்குல்ல அண்ணா, அதுல சிஓஐன்னு ஒரு ஜீன். அதோட எழுத்து வரிசை ஒவ்வொரு உயிரினத்துக்கும் வேற வேற. கடையில பார்கோடு மாதிரி. வெந்த கறியில கூட பெரும்பாலும் படிச்சிடலாம்"னா. கிடைச்ச வரிசையை கம்ப்யூட்டர்ல இருக்கற லிஸ்டோட ஒப்பிட்டுப் பாத்தா.

நாலு நாள் கழிச்சு பேப்பர் வந்துது. கோழி. சந்தேகமே இல்ல, கோழி.

குடுக்கும்போது மாலதி இன்னொண்ணும் சொன்னா. அதை நான் தெருவுல யார்கிட்டயும் சொல்லல.

தாம்பரம் மார்க்கெட்ல லேமினேட் பண்ணிக் குடுத்தேன். அக்கா சாமி படத்துக்குப் பக்கத்துல மாட்டிட்டாங்க. இங்கிலீஷ்ல இருந்ததால யாரும் முழுசா படிக்கல. அடுத்த ஞாயிறே பழைய கியூ. வதந்தி கிளப்பின ஆளுக்கு வாராவாரம் ஈரல் தனியா... வாங்கித் தின்னேன், கூச்சமே இல்லாம. பொண்ணு இப்போ தாம்பரத்துல நர்ஸ்.

இப்போ அக்கா வியாபாரத்தை விட்டுட்டாங்க. நான் ஆப்ல ஆர்டர் பண்றேன். பாக்கெட் மேல 'நாட்டுக்கோழி'ன்னு பச்சை ஸ்டிக்கர். அந்தக் காலத்துல சந்தேகப்படறதுக்காவது ஒரு வாசல் இருந்துது, சண்டைக்கு வர்றதுக்கு ஒரு அக்கா இருந்தாங்க. இப்போ யாரைப் போய்க் கேக்கறது? பேசாம மசாலா தடவறேன்.

ஆங்... மாலதி அன்னிக்கு சொன்னது.

"அண்ணா, இந்த ஜீன் கோழின்னு மட்டும்தான் சொல்லும். நாட்டுக்கோழியும் பிராய்லரும் ஒரே உயிரினம். நீங்க பிராய்லரையே கொண்டு வந்திருந்தாலும் இதே பேப்பர்தான் வந்திருக்கும்."