அத்திப்பள்ளிக்கு அனுப்பிய நாள்

கோபம் வந்தால் என் வாய் நிற்காது. இந்த விஷயத்தில் பாதிக் கோபம் இன்றைக்கும் என் மேல்தான்.

ஓசூரில் வண்டி உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் நான் லைன் லீடர். ஊத்தங்கரைக்காரி. என் லைனில் இருந்த ஒருத்தி இலங்கை அகதிகள் முகாமில் பிறந்தவள். முப்பது வயது, வேலையில் கெட்டி. முகாமில் மாதத்துக்கு ஒரு நாள் பெயர் கூப்பிட்டு ஆள் சரிபார்ப்பார்கள். நேரில் நிற்காவிட்டால் பதிவிலிருந்து பெயர் போகும். பெயர் போனால் வீடு, அகதி அடையாள அட்டை எல்லாம் போச்சு.

அப்படி ஒரு நாளில்தான் எங்கள் இன்னொரு யூனிட்டில் ஆள் குறைந்தது. அவள் தயங்கினாள். நாலு மணிக்குள் திரும்பிவிடலாம் என்று பஸ் ஏற்றிவிட்டதே நான்தான். சுங்கச்சாவடி நெரிசலில் கம்பெனி பஸ் மாட்டிக்கொண்டது. அவள் போய்ச் சேர்ந்தபோது நோட்டை மூடிவிட்டார்கள்.

விடுவேனா? மறுநாளே அவளோடு முகாம் அதிகாரியிடம் போனேன். வேலையில்தான் இருந்தாள் என்பதற்கு ஆதாரமாக அன்றைய பஞ்சிங் பதிவை அச்செடுத்து மேசையில் வைத்தேன். பெரிய சாமர்த்தியசாலி என்று நினைப்பு! அவர் யூனிட் இருக்கும் ஊரைப் படித்தார். அத்திப்பள்ளி, கர்நாடகம். முகாம்காரர்கள் அனுமதியில்லாமல் மாநிலம் தாண்டக் கூடாதாம்; தாண்டியதற்கு நானே சாட்சி கொண்டுபோய்க் கொடுத்திருந்தேன். டீ குடிக்கக்கூட நாங்கள் தாண்டுகிற எல்லை அது. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

பெயரை நீக்கிவிட்டார்கள். உலக நாடுகள் சேர்ந்து அகதிகளுக்காக நடத்தும் அலுவலகத்துக்கு எழுதுவேன் என்று கத்தினேன். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"தாராளமா எழுதும்மா. இது எங்க நாட்டு விஷயம். வெளியாளு யாரும் உள்ள வந்து கேக்க முடியாது."

எழுதினோம். மூன்று மாதம் கழித்து மரியாதையாகப் பதில் வந்தது. வருந்துகிறார்களாம், முகாம் அரசின் பொறுப்பில் இருப்பதால் அரசையே அணுக வேண்டுமாம். அடித்தவனிடமே போய் அழு என்று சொல்ல ஒரு அலுவலகம், அதற்கு ஒரு முத்திரை! கோடு போட்டு நாடு என்று சொன்னால் போதுமா, கோட்டுக்குள் இருக்கும் உயிருக்கு யாரடா பதில் சொல்வது என்று அந்தக் கடிதத்தைப் பார்த்துத் திட்டினேன்.

அவள் திட்டவில்லை. "எங்கட நாடு எண்டு சொல்ல அந்த அதிகாரிக்கு ஒண்டு இருக்குதக்கா. நானும் இங்கதான் பிறந்தனான்" என்றாள்.

செல்லுபடியாகும் அட்டை இல்லாதவரை வேலையில் வைக்கக் கூடாது என்று கடிதம் வந்த வாரமே கம்பெனி சொல்லிவிட்டது. ஆளை நிறுத்தினால் கேட் பாஸை வாங்கி ஒப்படைக்க வேண்டியவர் லைன் லீடர். நான் கையை நீட்டினேன். அவள் கழுத்திலிருந்து கழற்றிக் கொடுத்தாள்.